சொல்லாமல் கெடுவதை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா 16 வருடம் ஓட்டிய கார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், மீட்டரில் 2,34,000 கி.மீ. தினமும் வேலைக்கு 40 கி.மீ. ஓட்டுகிறேன். மாதம் ஒரு தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு இரவில் நீண்ட பயணம் போவதும் உண்டு. 1,40,000 கி.மீ.க்குப் பிறகு அப்பா சர்வீஸ் புத்தகத்தில் எதையும் எழுதி வைக்கவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டியபோது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹோஸ்கள், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஃப்யூல் பம்ப், கிளட்ச், சஸ்பென்ஷன் முழுவதும், ஆயில் சீல்கள், இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங் என்று 12 வேலைகளை எழுதிக் கொடுத்தார். "வயதான வண்டி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்" என்கிறார். தம்பியோ "ஓடுகிற வண்டியில் கை வைக்காதே, கெட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். எல்லாவற்றையும் செய்ய என்னிடம் பணம் இல்லை. எதுவும் செய்யாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகவும் மனம் வரவில்லை. விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா ஓட்டிய வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெறும் இரும்பாகப் பார்த்துக் கணக்குப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வண்டியை இன்னும் பல வருடம் நம்பிக்கையோடு ஓட்ட முடியுமா என்று பார்ப்போம். முடியும் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. அதற்கு 12 வேலையும் தேவையில்லை. பாதிக்கும் குறைவானவை போதும். ஆனால் அந்தச் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

மெக்கானிக் கொடுத்த பட்டியல் பாகங்களின் பெயரால் எழுதியது. அதை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இது கெடுவதற்கு முன்னால் ஏதாவது சொல்லுமா? கெடும்போது கூடவே வேறு எதையாவது கெடுக்குமா? முன்கூட்டியே சொல்லும், தான் மட்டும் கெடும் என்றால், அந்தப் பாகம் சொல்கிறவரை காத்திருக்கலாம். சொல்லாமல் கெடும், போகும்போது இன்ஜினையோ உங்கள் உயிரையோ சேர்த்து இழுக்கும் என்றால், அது நன்றாக இருக்கும்போதே மாற்ற வேண்டியது. வண்டியின் வயதும் மீட்டர் எண்ணும் இதற்கு அப்புறம்தான். நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்த இத்தனை வருடத்தில், வண்டியைக் கைவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் காசில்லாமல் போனவர்கள் இல்லை. மாற்றவேண்டாததை மாற்றிக் கை சலித்த பிறகு, மாற்றவேண்டியது உடைந்து, இனிப் போதும் என்று விட்டவர்கள்.

ஆனால் எதை மாற்றுவதற்கும் முன்னால் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போய் நின்று பாருங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் போல்ட் கழற்றி மாற்றக்கூடியவை. பாடி அப்படியில்லை. சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் நீள விளிம்பு, பிரேக் குழாய்கள், இவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மேலே செம்மண் பூசியதுபோல் தெரிகிற துரு பெரிய விஷயமில்லை. திருப்புளியின் பிடியால் தட்டும்போது 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டாலோ, தகடு அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தாலோ அங்கே இரும்பு இல்லை என்று அர்த்தம். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்திலேயே அப்படி இருந்தால் மற்ற எந்த வேலையையும் தொடாதீர்கள். அந்த ஒரு நிலையில் மட்டும் விற்பதைப் பற்றி யோசிக்கலாம், அதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

அதே நாளில் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று அளப்பது அது. நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜினின் உள்பக்கம் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது, கவலை வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் குறைந்தால் அதில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். எப்படியும் பிளக்கைக் கழற்றுகிறார்கள், அதன் நிலையையும் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 முதல் 50,000 கி.மீ. வரை வரும். இரிடியம் என்றால் லட்சம் வரை. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிளக்கின் இடைவெளியைத் தாண்ட இக்னிஷன் காயில் கூடுதல் மின்னழுத்தம் எழுப்ப வேண்டியிருக்கும், அதில் காயிலும் சீக்கிரம் போகும்.

அடியும் நன்றாக இருக்கிறது, கம்ப்ரஷனும் சரி என்றால் முதல் வேலை டைமிங் பெல்ட்.

இதில் உங்கள் மெக்கானிக் சொன்னது முழுக்கச் சரி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்டையும் இந்த பெல்ட் இணைக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடும். பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் வந்து போகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அந்த நேரக் கணக்கைக் காப்பது நார் இழை வைத்த ஒரு ரப்பர் பட்டைதான். அது அறுந்தாலும் சரி, பற்கள் உதிர்ந்தாலும் சரி, திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும். சில நேரம் பிஸ்டனிலும் ஓட்டை விழும். இதற்கு முன்னால் சத்தமோ விளக்கோ எதுவும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் சட்டென்று அணைந்துவிடும், அவ்வளவுதான். திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும். அப்படிச் சுற்றினால் உடனே சாவியை விட்டுவிட வேண்டும், மறுபடி மறுபடி முயன்றால் இருக்கிற வால்வும் வளையும்.

இந்த பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும். 60,000 கி.மீ. என்பதும் உண்டு, 1,50,000க்கு மேல் என்பதும் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கூடவே இத்தனை வருடம் என்ற கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ஓட்டாமல் நிறுத்திவைத்தாலும் ரப்பருக்கு வயதாகும், ஆனால் அந்த வருடக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் புத்தகத்தில் 94,000 கி.மீ.க்கு எந்தப் பதிவும் இல்லை. அப்பா இடையில் மாற்றியிருக்கலாம். ஆனால் யூகத்தின் மேல் ஓட்டக்கூடிய பாகம் இதுவல்ல. பதிவு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்து பார்த்து "பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லாத பெல்ட்டை நான் கழற்றிப் பின்பக்கமாக மடித்துப் பார்த்திருக்கிறேன். பல்லின் அடியில் மயிரிழை போலக் கீறல் ஓடியிருந்தது. இன்ஜினில் மாட்டியிருக்கும்போது அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் வழியில் தாங்கிச் சுழலும் ஐட்லர் புல்லி, அந்தப் பக்கத்தில் இருக்கும் கேம், கிராங்க் ஆயில் சீல்கள் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த வேலையில் பெரிய பங்கு கூலிதான், அங்கே போய்ச் சேர்வதற்கான உழைப்பு. பழைய டென்ஷனரின் பேரிங் இறுகிப்போனால் புது பெல்ட்டும் போகும். பழைய சீலில் ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறிப் பல் உதிரும். பட்டியலில் இருக்கும் 'ஆயில் சீல்கள்' என்ற வேலையில் பாதி இத்தோடு முடிந்துவிடும். வாட்டர் பம்ப்பை இதே பெல்ட்தான் சுற்றுகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பம்ப்பும் இப்போதே மாற வேண்டும். பெல்ட் வேலை முடிந்து ஆறு மாதத்தில் பம்ப் கசிந்தால் அத்தனை கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

(பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் இருக்கும் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செயின் சத்தம் போட்டுச் சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் கவனிக்க வேண்டும். ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்த இன்ஜினில் வயதை மட்டும் வைத்துச் செயினை மாற்ற வேண்டியதில்லை.)

இரண்டாவது வேலை கூலிங். எனக்கு மிகவும் அக்கறையான இடம் இது. பழைய வண்டிகளின் இன்ஜின்கள் தேய்ந்து செத்ததைவிட வெந்து செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வார். ஆயில் நேரத்துக்கு மாற்றுவார், பெல்ட் மாற்றியிருந்தார். ரேடியேட்டர் மட்டும் வண்டி வாங்கியபோது இருந்ததே இருந்தது. ஒரு நாள் இரவுப் பயணத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. வண்டியை ஓரம்கட்டலாமா என்று யோசிக்கும்போதே முள் கீழே இறங்கிவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். உண்மையில் தணியவில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுவதும் வெளியே போய்விட்டிருந்தது. முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் திரவத்தில் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். காற்றில் நின்ற சென்சார் குறைத்துச் சொல்லிவிட்டது. இழுவை வண்டியில் எங்களிடம் வந்தபோது பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து முறிந்து ஹோஸுக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன், காய்ந்த சுண்ணாம்புபோல உதிர்ந்தது. இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் எரிந்து, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கழுத்தைப் பற்றி அவரிடம் முன்பே நாங்கள் எச்சரித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அதனால் இன்றைக்கே, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டரின் மேலேயும் கீழேயும் (சில வண்டிகளில் இரு பக்கமும்) இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி முதலில் கறுப்பாக இருந்திருக்கும். இப்போது பழுப்பாக வெளுத்திருக்கிறதா, ஹோஸ் சேரும் இடத்தில் மயிரிழைக் கீறல் தெரிகிறதா, காய்ந்த கூலன்ட்டின் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மேல் ஹோஸை நடுவில் ஒரு தடவை, கிளிப்பை ஒட்டி ஒரு தடவை விரல்களால் பிதுக்குங்கள். ஹோஸ் உள்ளிருந்துதான் கெடும், அதுவும் முனைகளுக்குப் பக்கத்தில் முதலில். நடுப்பகுதி கெட்டியாகவும் முனை மட்டும் சதசதவென்றும் இருந்தாலோ, பிதுக்கும்போது உள்ளே நறநறவென்று உடைவது விரலுக்குத் தெரிந்தாலோ, அந்த ஹோஸின் காலம் முடிந்தது. 16 வருடம் ஆன வண்டியில் ஹோஸ்கள் பழையவை என்றால் சோதனையில் தேறினாலும் நான் மாற்றிவிடுவேன். ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்களை மறக்காதீர்கள், எல்லோரும் மறப்பது அவற்றைத்தான். ரேடியேட்டரும் முதலில் வந்ததே என்றால் அதையும் மாற்றுவேன். சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டுக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் இதோடு சேர்ந்தவை.

மூடியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். புது ரேடியேட்டர் போட்டுப் பழைய மூடியை மாட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட்டைப் பொறுத்தவரை, கையேட்டில் சொன்ன வகையைக் கனிமம் நீக்கிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் விற்கிறது. அப்பா அவ்வப்போது குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே உப்பும் துருவும் படிந்திருக்கும். பழையதை வடித்து, சுத்தத் தண்ணீரால் அலசிவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும்.

எப்போதாவது ஓட்டும்போது முள் ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். பல வண்டிகளில் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகர்கிறது என்றாலே சூடு ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது.

மூன்றாவது, பிரேக்கும் சக்கரமும். இதை உங்கள் மெக்கானிக் பட்டியலில் தனியாக எழுதவேயில்லை, அது எனக்கு வருத்தமாக இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சுபோலத் தரைவரை போய்விடும். அன்றாடம் ஓட்டும்போது இதற்கு எந்த அறிகுறியும் இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஆயில், உங்கள் வண்டியில் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதே தெரியாது. மாற்றுங்கள். மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லுங்கள். காற்றை எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்து அடிக்க வேண்டாம். பெடல் அழுத்தும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் அன்றாடம் போகாத ஆழத்தில் துருவும் படிவும் இருக்கும். சீல் அங்கே போய் உரசினால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

சஸ்பென்ஷன் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. அதில் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டும் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் டை ராட் முனையும்தான் உயிர் சம்பந்தப்பட்டவை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் இருந்தால் அன்றே மாற்றுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்தால் போதும். புஷ்களும் ஷாக் அப்சார்பரும் தேய்ந்தால் வண்டி தடதடக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். நீங்களே உணர்வீர்கள், அப்போது செய்துகொள்ளலாம். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் சாஃப்ட்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசலை இன்று கவனித்தால் அந்த உறையை மாற்றுவதோடு போகும். விட்டால் கிரீஸ் வெளியேறி மண் புகுந்து, வளைவில் 'கடக் கடக்' என்று ஜாயின்ட்டே போகும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழம் எவ்வளவு இருந்தாலும் 10 வருடத்தைத் தாண்டிய டயரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் வருடம் ஒரு முறை கழற்றிச் சோதிக்க வேண்டும். ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் வண்டியிலேயே கிழவன் அதுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டாதவை. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஃப்யூல் பம்ப், கிளட்ச். நான்கும் விலை கூடியவை, நான்கும் முன்கூட்டிச் சொல்லக்கூடியவை. ஆல்டர்னேட்டரை மீட்டர் வைத்து அளந்துகொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் அது வேலை செய்கிறது. இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரியும் நிறைந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொல்லிச் சில நாள் தொல்லை கொடுத்த பிறகே நிற்கும். ஃப்யூல் பம்ப் பெரும்பாலும் முனகும், சூடான இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யத் தாமதமாகும். டேங்கை எப்போதும் கால் பங்குக்கு மேல் வைத்திருங்கள், பம்ப்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான். கிளட்ச்சுக்கு ஒரு சோதனை உண்டு. காலியான சாலையில் மெதுவாகப் போகும்போது மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வழுக்கவில்லை என்றால் தொட வேண்டாம். வேறு காரணத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கினால் அப்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

பெட்ரோல் வாசனை மட்டும் இதில் சேராது. பானெட்டுக்கு அடியிலோ வண்டிக்குப் பின்னாலோ வாசனை வந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். பெட்ரோல் ரப்பர் குழாயில் வெடிப்பு என்பது தீ.

"கெடாததையும் மாற்றிவிட்டால் நிம்மதிதானே" என்று மெக்கானிக் கேட்கக்கூடும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த எண்ணத்தை விமானக்காரர்கள் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில், தாங்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம்தான் வயது ஏற ஏறக் கெடும் வாய்ப்பு கூடுகிறவை என்று காட்டினார்கள். 68 சதவீதத்தில், புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில்தான் கெடும் வாய்ப்பு அதிகம். விமானக் கணக்கைக் காருக்கு அப்படியே பொருத்த முடியாது. காரில் ரப்பரும் உராய்வும் அதிகம், அவை வயதால்தான் போகின்றன. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நான் கண்டதும் இதே திசையில்தான். நன்றாக ஓடிய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டுத் தரம் தெரியாத புதியதை மாட்டி, மூன்றாவது வாரம் வழியில் நின்ற வண்டிகள் எங்களிடம் வந்ததுண்டு. கழற்றும் ஒவ்வொரு கனெக்டரும் 16 வருடம் வெந்த பிளாஸ்டிக். அதன் பூட்டு உடைந்தால் புதுக் கோளாறு பிறக்கும்.

மருந்து ஊற்றி உள்ளே கழுவும் இன்ஜின் ஃப்ளஷும், படிந்த கரியை நீக்கும் டீகார்பனைசிங்கும் வேண்டவே வேண்டாம். ஃப்ளஷ் மருந்து பல வருடக் கசடை ஒரேயடியாகப் பெயர்த்துவிட்டால், அது ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து இன்ஜினுக்கே ஆயில் போகாமல் செய்யலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறப் பூச்சு இருந்தால் நல்ல இன்ஜின். கறுப்பாகக் கூழ்போல அப்பியிருந்தால் நல்ல ஆயிலும் புது ஃபில்ட்டரும் போட்டு, 3,000 கி.மீ.யில் மறுபடி மாற்றி, இன்னொரு 3,000த்தில் மறுபடி மாற்றுங்கள். ஆயிலே மெதுவாகக் கழுவிக் கொண்டுவந்துவிடும். மேலே வால்வு மூடியைச் சுற்றிக் கசிவு இருந்தால் சீலை மாற்றுவதற்கு முன்னால் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சேரும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் புது சீலையும் அது தள்ளிக்கொண்டு வரும். கியர்பாக்ஸ் ஆயிலும் வெகுநாளாக மாற்றப்படாமல் இருக்கும். சுலபமான வேலை, இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் தடவை அடிப்பாகச் சோதனை, பிரேக், பெல்ட், வாட்டர் பம்ப், கூலிங். வாட்டர் பம்ப்பை மாற்றக் கூலன்ட்டை எப்படியும் வடிக்க வேண்டும், அதனால் பெல்ட் வேலையையும் கூலிங் வேலையையும் பிரிக்க முடியாது. அதன் பிறகு நான்கைந்து வாரம் உள்ளூர் ஓட்டம் மட்டும் ஓட்டுங்கள். புதிதாகச் செய்ததில் எங்காவது கிளிப் தளர்ந்திருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும், அம்மாவோடு இரவில் நடுவழியில் தெரிய வேண்டியதில்லை. அப்புறம் பிளக், கியர் ஆயில், பூட் போன்றவை. பணம் போதவில்லை என்றால் தள்ள வேண்டியது இந்த இரண்டாவது பகுதிதான். முதல் பகுதிக்கே பணம் சேரும்வரை இரவுப் பயணத்தை நிறுத்தி வையுங்கள். அதற்கு அம்மா ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

தம்பியிடம் சொல்லுங்கள், கிளட்ச், ஆல்டர்னேட்டர் விஷயத்தில் அவன் பேச்சைத்தான் நீங்கள் கேட்கப்போகிறீர்கள் என்று. பெல்ட் விஷயத்தில் மட்டும் கேட்க முடியாது.

உங்கள் பக்கத்து வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பாருங்கள். ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் விளக்கு, அளவு குறைந்ததைச் சொல்வதில்லை. அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவு ஓடிய இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு, குடிக்கிற அளவு திடீரென்று கூடுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. கூலன்ட் பாட்டிலின் கோட்டையும் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் அட்டை ஒன்றை விரித்து வைத்தால் எங்கே என்ன சொட்டுகிறது என்று காலையில் தெரியும். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமற்ற தண்ணீர், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் 1,40,000க்குப் பிறகு காலிப் பக்கங்கள் இருக்கும். அதிலேயே தொடர்ந்து எழுதுங்கள். பெல்ட் மாற்றுகிற அன்று மீட்டர் என்ன காட்டுகிறதோ அதையும் தேதியையும் எழுதி, பெல்ட் வந்த அட்டைப் பெட்டியில் இருக்கும் பாக எண்ணைக் கத்தரித்துப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பழைய பெல்ட்டை வாங்கிவந்து மடித்துப் பாருங்கள். அதன் முதுகில் அச்சடித்த எழுத்து இன்னும் அழியாமல் தெளிவாக இருந்தால் அப்பா அதைச் சமீபத்தில்தான் மாற்றியிருக்கலாம். அழிந்து பளபளவென்று இருந்தால் நல்ல நேரத்தில் கழற்றியிருக்கிறீர்கள். எப்படி இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.